கொண்டச்சியில் ஒரு கோகு

அஸர் தொழுதுவிட்டு ஊர் சோம்பல் முறிக்கிற நேரம். சிலாவத்துறையிலிருந்து மறிச்சுக்கட்டிக்குப் போகும் வீதியில், சிக்னல் நன்றாக விழும் மதகாகப் பார்த்து அவன் குந்தியிருப்பான். முதுகு கேள்விக்குறி போல வளைந்திருக்கும். பெருவிரல்கள் இரண்டும் சட்டியில் வறுபடும் புளியங்கொட்டை மாதிரித் துள்ளும். சலாம் சொன்னால் பதில் வரும், தலை நிமிராது. அந்த நேரத்தில் அவன் கொண்டச்சியில் இல்லை. நமெக் கிரகத்தில் ஃப்ரீஸாவோடு சண்டையில் நிற்கிறான்.

‘டிராகன் பால்’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் நாயகன் பெயரால், கோகு என்றே அவனை அழைப்போம். வாப்பா வைத்த பெயர் வேறு. அது பள்ளிக்கூட இடாப்பில் மட்டும் புழங்குகிறது. மன்னார்க் கரையில் ஊருக்கு ஒருவனாவது இப்படி உண்டு.

அவன் கையில் இருப்பது போன். மூலையில் விண்டு, செலோடேப் ஒட்டி, றபர் பாண்ட் போட்ட போன். ஆனால் அதற்குள் பி.எஸ்.பி. ஒன்று குடியிருக்கிறது. சோனி 2004 டிசம்பரில் ஜப்பானில் இறக்கிய கையடக்கக் கேம் கருவி அது. அதற்கென்றே 1.8 ஜிபி கொள்ளும் சின்னத் தட்டு ஒன்றையும் சோனி செய்தது. கருவியையும் தட்டையும் கோகு கண்ணால் கண்டதில்லை. கண்டதெல்லாம் ஹென்ரிக் ரிட்கார்ட் என்பவர் 2012 இல் வெளியிட்ட எமியூலேட்டர்தான். போனைப் பி.எஸ்.பி. என்று நம்பவைக்கும் மென்பொருள். பெயர் பி.பி.எஸ்.எஸ்.பி.பி. கோகு ஒரு மூச்சில் சொல்வான், ஓர் எழுத்துத் தப்பாது. ஆவர்த்தன அட்டவணையின் முதல் இருபது மூலகங்கள்தான் அந்த வாய்க்கு வராது.

அதில் அவன் ஆடுவது ‘டிராகன் பால் இசட்: டென்கைச்சி டேக் டீம்’. 2010 இல் வந்த கேம், இருவருக்கு இருவர் சண்டை. பழசு என்று யாரும் தள்ளிவைக்கவில்லை. 2015 இல் தொடங்கிய ‘டிராகன் பால் சூப்பர்’ தொடரின் ஆட்களையெல்லாம் ரசிகர்களே அதற்குள் ஏற்றிவிட்டார்கள். அப்படி ஏற்றிய பிரதி புத்தளத்து மச்சானின் மெமரி காட்டில் ஏறி, பஸ்ஸில் வந்து, கொண்டச்சியில் இறங்கியது. எமியூலேட்டர் வைத்திருப்பது குற்றமில்லை, கேமின் கள்ளப் பிரதி வேறு கதை. அந்தக் கதையைத் தொடங்கினால் கோகுவுக்கு உடனே தண்ணீர் விடாய்க்கும்.

புத்தளம் சும்மா வரவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது கொண்டச்சியும் காலியானது. அதனால் கோகுவின் நானாமார் புத்தளத்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் காலத்துக் கைக் கேம், பெட்டியில் ‘9999 இன் 1’ என்று போட்டு விற்ற பிரிக் கேம். எண்ணிக்கை அப்படி இருந்தாலும் உள்ளே டெட்ரிஸும் இன்னும் சிலதும்தான், வேகத்தை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். “நாங்க கட்டைய அடுக்கியே பெரியாளானோம்டா” என்பார் மூத்த நானா. கோகு அவரைப் பரிதாபமாகப் பார்ப்பான்.

ஆனால் எண் விஷயத்தில் அவனைச் சீண்டக்கூடாது. கதையில் வரும் கோகுவின் சண்டை வலு 9000 ஐத் தாண்டிவிட்டது என்று அவனோடு மோத வந்த வெஜிட்டா அலறும் காட்சி உலகப் பிரசித்தம். அதை யாராவது சொன்னால் நம்மாள் கேமை நிறுத்திவிடுவான். அவன் கேமை நிறுத்துவது பாங்கு சொல்லும்போதும் இதற்கும்தான். “மச்சான், ஜப்பான் மூலத்தில 8000. இங்கிலீஷ் டப்பிங்காரன் ஆயிரத்தக் கூட்டிட்டான்.” அதோடு விடமாட்டான். கதை தொடங்கியது 1984 இல், மொத்தம் 519 அத்தியாயம், 42 புத்தகம் என்பான். ‘சொன் கோகு’ என்பது சீனத்துப் பழங்கதையின் குரங்கரசன் சுன் வூகோங் பெயரின் ஜப்பானிய உச்சரிப்பு என்பான். போகேமான் மட்டும் தலைகீழ், கேம் 1996 இல் முதலில் வந்தது, கார்ட்டூன் 1997 இல் பின்னால் வந்தது என்பான். கேட்டவர் கஜு வாங்கக் கடைக்குப் போகிறவராக இருப்பார்.

இந்த அறிவால் அவன் ஒருமுறை மாட்டிக்கொண்டான். 1997 டிசம்பரில் போகேமான் அத்தியாயம் ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்ன, ஜப்பானில் 685 பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட சம்பவத்தைப் பெருமையாக வீட்டில் சொல்லிவைத்தான். உம்மா அந்த எண்ணைப் பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டாள். இப்போது போனைப் பறிக்கும் போதெல்லாம், “686 ஆவது ஆள் நீயா மகன்?” என்கிறாள்.

ஆனால் 2024 மார்ச்சில் அந்த வீட்டில் நடந்தது வேறு. டிராகன் பால் வரைந்த அகிரா தொரியாமா அந்த மாதம் 1 ஆம் திகதி காலமாகியிருந்தார். செய்தி வந்த அன்று கோகு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் கறுப்பாக்கிவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

“யாரு மகன் மவுத்து?”

“தொரியாமா, உம்மா.”

“எந்த ஊரு?”

“ஜப்பான்.”

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்: “பிள்ளை குட்டி இருக்காமா?”

“ரெண்டு” என்றான் கோகு. அது வரைக்கும் தெரிந்துவைத்திருந்தான்.

டேட்டா காட் போட்ட நாளில் அவன் வேறொரு கேமுக்குத் தாவுவான். 2015 இல் வந்த ‘டொக்கான் பேட்டில்’. அதில் டிராகன் ஸ்டோன் என்ற கற்களைச் சேர்த்துக்கொடுத்தால் மூடிய சீட்டு மாதிரி வீரர்கள் விழுவார்கள். யார் விழுவார் என்பது அதிர்ஷ்டம். இதற்குக் காச்சா என்று பெயர். காசு போட்டுப் பிடியைத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை வரும் ஜப்பானியப் பெட்டியின் சத்தத்திலிருந்து வந்த பெயர். குறிப்பிட்ட பொம்மைகளையெல்லாம் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற வகைக் காச்சாவை ஜப்பான் 2012 இல் தடுத்துவிட்டது. மற்றவை ஓடுகின்றன. கோகுவின் ரீலோட் காசும் அவற்றோடு ஓடுகிறது.

வாப்பா இதைச் சூது என்று ஏசுவார். மூத்தாப்பா மட்டும் சிரிப்பார். மூடிய சரக்கை வாங்கி வாயைப் பிளப்பது கொண்டச்சிக் குடாவுக்குப் புதிதா? 1803 இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்ட ராபர்ட் பெர்சிவல் இந்தக் குடாவின் முத்துக்குளிப்பைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். எடுத்தவன் அவற்றை அழுகவைத்து, நாற்றத்தைச் சகித்துக்கொண்டு கழுவிப் பார்ப்பான். முத்து இருந்தால் செல்வந்தன். இல்லாவிட்டால் கையில் வெறும் ஓடு. 1905 இல் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பிகள் ஏறின. அடுத்த ஆண்டே ஒரு கம்பனி இந்த முத்துப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. ஓரிரு வருடத்தில் சிப்பி காணாமல்போய், கம்பனியும் கவிழ்ந்தது. காச்சாவில் அவ்வளவு பெரிய நட்டம் கோகுவுக்கு இன்னும் வரவில்லை.

போதாக்குறைக்கு, 1893 இல் மிக்கிமோட்டோ என்ற ஜப்பான்காரர் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக்காட்டினார். பின்னாளில் வளர்ப்பு முத்து சந்தையை நிறைத்து, இயற்கை முத்தின் விலையைத் தரைக்குக் கொண்டுவந்தது. “அப்ப முத்தக் கொண்டு போனான், இப்ப உன்ட காசக் கொண்டு போறான்” என்பது மூத்தாப்பாவின் கணக்கு.

இந்தக் கரையில் இன்னொரு பழைய உத்தியோகமும் இருந்தது, கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். அவர் இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. சிப்பியிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பதவியை இப்போது வகிப்பவன் கோகுதான். ஃப்ரீஸாவிடம் ஏழு தரம் தோற்ற சின்னப் பொடியன்கள், “நானா, இந்த ஒருத்தன மட்டும் அடிச்சுத் தாங்க” என்று போனை நீட்டுவார்கள். கோகு விரல்களை முறித்துக்கொண்டு இறங்குவான். கூலி ஒரு பிடி வறுத்த கஜு, அல்லது பத்து நிமிட ஹொட்ஸ்பொட்.

மன்னார் பஸ்ஸில் அவன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் தாராளமாக உட்காருங்கள். நல்ல பிள்ளை, ஜன்னலோரத்தையும் விட்டுத் தருவான். ஆனால் 8000 ஆ, 9000 ஆ என்று மட்டும் வாயைக் கொடுத்துவிடாதீர்கள். சிலாவத்துறையில் இறங்க வேண்டிய நீங்கள் மன்னாரில்தான் இறங்குவீர்கள்.