மருமவன் போட்ட களம்

வாய்யா மருமவனே! சென்னையில பூங்கா கட்டி முடிச்சிட்டியாம்லா? போட்டோ பாத்தேன். நடக்கதுக்கு சிமெண்டுக் கல்லு, உக்காரதுக்கு கிரானைட்டுத் திண்ணை, ஓரத்துல வரிசையா அலங்காரப் பனை, நெழலுக்குத்தான் ஒரு மரமில்ல. இங்க விளாத்திகுளத்துல வத்தல் காயப்போடக் களம் பத்தாம தவிக்கோம். உன் பூங்காவ ஒரு மாசத்துக்குக் குத்தகைக்குத் தாயேன். பகல்ல எவனும் அந்தப் பக்கம் வரப்போறதில்ல, காவலுக்கு ஆள் போடுத செலவும் மிச்சம்.

கோவப்படாத. “மரத்தடியிலயும் வெளியிலயும் தர்மாமீட்டர் வச்சா ஒண்ணு ரெண்டு டிகிரிதான மாமா வித்தியாசம்?”னு கேப்ப. வாஸ்தவந்தான், காத்தோட சூடு அம்புட்டுதான் மாறும். ஆனா தர்மாமீட்டருக்கு வழுக்கைத் தலையா இருக்கு? நம்ம உடம்பு காத்துச் சூட்ட மட்டுமா வாங்குது? மேல சூரியன், கீழ தரை, பக்கத்துல சுவரு, எல்லாமா சேந்துல்லா வறுக்குது! உச்சி வெயில்ல தாரு ரோடு 60 டிகிரியத் தொடும். ஒரு வேப்பமரம் நின்னா தலைக்கு மேல வெயில மறிக்கும், அடியில தரையவும் காய விடாது. இலை விடுத ஆவியும் கொஞ்சம் குளிர்ச்சி தரும்தான். ஆனா உங்கள மாதிரி புழுங்குத கடலோர ஊருல மொதக் கும்பிடு நெழலுக்குத்தான்.

புல்லு போட்டிருக்கேன்னு மார்தட்டுத. நல்லதுதான், சிமெண்டு மாதிரி கொதிக்காது. காலு குளுகுளுன்னு இருக்கும், மண்டை மட்டும் வேகும். நான் எறும்பாப் பொறந்திருந்தா உனக்குக் கோயிலே கட்டியிருப்பேன். சில பேரு போடுத பிளாஸ்டிக்குப் புல்லு இருக்கே, அது வெயில்ல தாரு ரோட்டையே தோக்கடிக்கும். அதுக்குத் தண்ணி ஊத்த வேண்டாம். விளையாடுத பிள்ளைக காலுக்கு மருந்து வாங்கினாப் போதும்.

அடுத்தாப்புல வெள்ளைக் கல்லு பதிக்கப் போறியாம். லாஸ் ஏஞ்சல்ஸ்காரன் ரோட்டுக்கு வெளுப்புப் பூச்சு அடிச்சுப் பாத்தான். ரோடு குளுந்துச்சு, உச்சி வேளையில நடந்துபோனவனுக்கு வெக்கை கூடிப்போச்சு. தரை வேண்டாம்னு தள்ளுன வெயிலு நம்ம மேலதான வந்து விழும்? அந்த வெள்ளையக் கொண்டுபோய் மொட்டமாடியில அடி. வீடு குளுரும், மத்தியானம் அங்க எவன் நடக்கான்?

2003 மே மாசக் கடைசியில நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்சுது. அப்பிடி வேகுத வெயில்ல, மத்தியானம் கடக்காத்து உள்ள வந்தாத்தான் உங்க ஊரு மூச்சு விடும். அதையும் மறிக்குத மாதிரி ஆளுயரத்துக்குப் புதரு வளத்து வைக்காத. அடிமரம் ஒசந்து, மேல குடையா விரியுத புங்கன், வேம்பு, நாவலுன்னு வை. வெயிலு மேலயே நின்னுக்கிடும், காத்து கீழ பூந்து போவும். அலங்காரப் பனையோட நெழலு, அது முதுகச் சொறியக் கூடப் பத்தாது.

வச்ச மரத்துக் கழுத்து வரைக்கும் கல்லப் பதிச்சு நெரிச்சிராத. மரத்தச் சுத்தி ஒரு மீட்டருக்குள்ள சிமெண்டு இருக்கக் கூடாதுன்னு டெல்லிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2013லயே உத்தரவு போட்டிருக்கு. வேருக்குத் தண்ணியும் காத்தும் மறிச்சிட்டு, 2016ல வந்த வர்தா மாதிரி ஒரு புயல்ல மரம் சாஞ்சதும் “பலமில்லாத மரம்”னு அது மேலயே பழியப் போடுவீங்க. கெட்டிக்காரங்கதான்.

இம்புட்டும் சொல்லியும் உங்க பெரிய அதிகாரி மரத்துக்குக் கையெழுத்துப் போடலயா? கவலப்படாத, வழி சொல்லுதேன். தெறப்பு விழாவ அக்னி நட்சத்திரத்துல, மத்தியானம் ரெண்டு மணிக்கு வை. மாலை வை, மைக்கு வை, சந்தனம் கூட வை. பந்தல் மட்டும் போட்டுராத. வரவேற்புரை முடியுததுக்குள்ள, எத்தன கன்னு வேணும்னு அவரே ஓன் காதுல கேப்பாரு.