ஒரு ரோஜா, மூன்று மூக்கு

மைசூரு அக்ரஹாரத்து மூக்குகளுக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். நூறாண்டுக்கு முன்பே சந்தன எண்ணெய் ஆலை கண்ட ஊர். போதாததற்கு ஊதுவத்தித் தொழில் வேறு. மூக்கு சும்மா இருக்குமா?

துபாயிலிருந்து வரும் மருமகள், ரோஜாவும் கஸ்தூரியும் கலந்து பவுடர் வாசம் வீசும் சென்ட் குப்பி ஒன்றைக் கூடத்தில் திறக்கட்டும், தீர்ப்பு ஒன்றாக வரவே வராது. பாட்டிக்கு அது முகப்பவுடர் டப்பா. தாத்தாவுக்கு ஏதோ காடி நெடி. பேரனோ, "பாட்டி, மூடியத் திறந்தேளா?" என்பான்.

மூவர் சொல்வதும் சரி. பவுடர் வாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் அயனோன்கள் என்ற மண மூலக்கூறுகள். ரோஜாவிலேயே துளியளவு இருக்கும் பீட்டா-அயனோன், ஓஆர்5ஏ1 என்ற மரபணுவைப் பொறுத்துச் சிலருக்குப் பூவாக மணக்கும், சிலருக்குப் புளித்த காடியாக நெடியடிக்கும். 2013-இல் ஆய்வாளர்கள் இதை உறுதிசெய்தார்கள். கஸ்தூரி மூலக்கூறுகள் பருமனானவை. அவற்றில் சில, சிலர் மூக்கில் பதிவதே இல்லை. பேரன் மேல் குற்றமில்லை.

குப்பியில் இருப்பது மான் கஸ்தூரியும் அல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் கஸ்தூரி மானைக் காக்கிறது. இன்று மணப்பது பெரும்பாலும் ஆலைச் சரக்கு. அந்த வம்சத்தின் மூத்த வாரிசு, 1888-இல் ஆல்பர்ட் பவுர் என்ற ஜெர்மானியர் வெடிமருந்து தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது. பூஜை அறைக்குள் பூசிக்கொண்டு போகுமுன் பாட்டியிடம் இதைச் சொல்லாதிருப்பது நலம்.

தாத்தா மட்டும் குப்பியைத் திருப்பி விலையைப் படித்துவிட்டு, தேவராஜ மார்க்கெட்டில் அந்தப் பணத்துக்கு எத்தனை முழம் மைசூரு மல்லிகை வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.