பேரம் படியாத மாதா

கேள்வி: வேலை போய்விட்டது, விசாவும் இழுபறி. டுசல்டோர்ஃபில் உட்கார்ந்துகொண்டு இன்னும் எத்தனை நாள்தான் கடவுளை நம்புவது?

பதில்: ரயிலேறி கெவலார் மாதா திருத்தலத்துக்குப் போய்வாருங்கள். 1641 கிறிஸ்துமஸ் சமயம், முப்பதாண்டுப் போர் நடுவே, ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற ஊர்சுற்றி வியாபாரிக்கு 'இங்கே எனக்கொரு கோயில் கட்டு' என்று குரல் கேட்டதாம். மூன்று தடவை! (மேலிடத்திலும் நினைவூட்டுக் கடிதம் உண்டு.) கையில் காசில்லை, அன்றாட வரும்படியில் மிச்சம் பிடித்தார். சிப்பாய் கைவழியே மாதா படம் விற்பனைக்கு வந்தபோதோ, 'விலை அதிகம்' என்று புஸ்மனின் மனைவி திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளங்கையளவு தாள்தான் அது! பிறகு அந்தப் படத்தையே தேடிப்பிடித்து, 1642 ஜூன் 1 அன்று கோயிலில் வைத்தார்கள். ஆகஸ்ட் திருவிழாவில் அங்கே திரளும் ஈழத்தமிழரில் விபூதி பூசியவர்களும் உண்டு. கிளம்புமுன் தபால்பெட்டியைப் பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் எந்தப் பதிலும் கடிதமாகத்தான் வரும்.