பெயர் அவர்களுக்கு, பில் நமக்கு

அம்பாந்தோட்டையில் துறைமுகம் கட்டினார்கள். மகிந்த ராஜபக்சவின் பெயர் வைத்தார்கள். மத்தளையில் விமான நிலையம் கட்டினார்கள். அதற்கும் ராஜபக்ச பெயர். சூரியவெவையில் கிரிக்கெட் மைதானம், கொழும்பில் தாமரைத் தடாகக் கலையரங்கம். வாசலுக்கு வாசல் அதே பெயர். கடன் பத்திரத்தில் மட்டும் அந்தப் பெயரைத் தேடாதீர்கள். அங்கே இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு என்று இருக்கும். அதாவது நீங்கள், நான், பால்மாவுக்கு அழுத பிள்ளை.

மத்தளையை 2013 மார்ச்சில் திறந்தார்கள். செலவு 200 மில்லியன் டொலருக்கு மேல். அதில் 190 மில்லியன் சீன எக்சிம் வங்கியின் கடன். விமானம் வரவில்லை. மான் வந்தது. எருமை வந்தது. யானையும் வந்தது. 2016 இல் அவற்றை விரட்ட இராணுவத்தையும் பொலிசையும் இறக்கினார்கள். சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். டொலரில் வட்டி கட்டிய நெற்களஞ்சியம் உலகில் வேறெங்காவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

துறைமுகத்தின் கதை இன்னும் அழகு. 2017 இல் 99 வருடக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனத்திடம் கொடுத்தார்கள். கிடைத்தது 1.12 பில்லியன் டொலர். கடன் அடைந்துவிட்டது என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை. வந்த டொலர் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. கட்டுவதற்கு வாங்கிய கடன் திறைசேரியின் தலையில் ஏறியது. துறைமுகம் போனது, கடன் நின்றது.

இந்த இடத்தில் சீனாவைத் திட்டினால் கைதட்டு கிடைக்கும். திட்டுவோம். ஆனால் 2022 இல் நாடு வங்குரோத்தானபோது சர்வதேச முறிகளில் மட்டும் சுமார் 12.5 பில்லியன் டொலர் நிலுவை இருந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மேற்கத்தைய முதலீட்டு நிதியங்கள். 2007 இல் 500 மில்லியன் டொலரோடு, 8.25 வீத வட்டியில் தொடங்கிய பழக்கம். பழைய முறி முதிர்ந்தால் புதிய முறியை விற்று அடைப்பது. நல்லாட்சி என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இதை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக விற்றார்கள்.

இத்தனை கடனையும் சுமந்துகொண்டு 2019 டிசெம்பரில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச வரியை வெட்டினார். வற் 15 இலிருந்து 8 வீதம். சம்பளத்தில் கழிக்கும் வருமான வரியும் போனது. கடன் தருபவர்கள் அரசின் வருமானத்தைப் பார்த்தார்கள், கதவைச் சாத்தினார்கள். பிறகு இரசாயனப் பசளைக்குத் தடை. கிருமி இருக்கிறதென்று நாமே திருப்பி அனுப்பிய சேதனப் பசளைக் கப்பலுக்கு 6.7 மில்லியன் டொலர் கொடுத்தோம். பசளை வரவில்லை. காசு போனது.

2022 ஜனவரி 18 ஐ மறக்கக் கூடாது. டொலர் இல்லாமல் மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாடு திண்டாடிக்கொண்டிருந்தது. அன்றுதான் முதிர்ந்த முறி ஒன்றுக்கு 500 மில்லியன் டொலரைச் சுளையாக எண்ணிக் கொடுத்தார்கள். நாட்டின் மானமாம். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை அந்த மானம். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். நடுவில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். எரிபொருள் வரிசையில் நின்றே மனிதர்கள் செத்தார்கள். முறிதாரர் எவரும் வரிசையில் நிற்கவில்லை.

ஈரானுக்குக் கொடுக்கவேண்டிய எண்ணெய்ப் பாக்கி 251 மில்லியன் டொலர். அதைத் தேயிலையாகக் கொடுப்பதாக 2021 டிசெம்பரில் ஒப்பந்தம். அந்தத் தேயிலையைக் கிள்ளுகிற மலையகப் பெண்ணுக்கு அப்போது நாட்கூலி ஆயிரம் ரூபாய். அதையும் அந்த வருடம்தான், எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு, சம்பள நிர்ணய சபை மூலம் போட்டார்கள். லயன் அறைக்குக் கூரை மாற்றக் காசில்லாத நாடு, அவள் கிள்ளிய கொழுந்தை வைத்து எண்ணெய்க் கடன் கழிக்க ஒப்புக்கொண்டது.

காசில்லை என்பதும் ஆளைப் பார்த்துத்தான். 2023 பெப்ரவரியில் 75 ஆவது சுதந்திர தினம். 200 மில்லியன் ரூபாய்ச் செலவில் காலிமுகத்திடலில் அணிவகுப்பு. கொண்டாடாவிட்டால் உலகம் நம்மை என்ன நினைக்கும் என்று கேட்டார் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. அடுத்த மாதம் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்கு மட்டும் திறைசேரியில் காசில்லை. தேர்தலைத் தள்ளிப்போட்டால் உலகம் ஒன்றும் நினைக்காதாம்.

அந்த மார்ச்சில்தான் சர்வதேச நாணய நிதியம் பதினேழாவது தடவையாகக் கை கொடுத்தது. அதற்குள் மின்கட்டணத்தை ஒரு தடவை 75 வீதமும் இன்னொரு தடவை 66 வீதமும் ஏற்றியிருந்தார்கள். வற் 2024 இல் 18 வீதமானது. கோட்டாபய வெட்டியபோது மிஞ்சிய காசு யார் வீட்டுக்குப் போனதோ, அந்த வீட்டுக்கும் தெருவோரச் சாப்பாட்டுக் கடைக்கும் இப்போது ஒரே வற்.

பிறகு சேமலாப நிதி. கட்டுநாயக்கவில் தையல் இயந்திரத்தின் முன் முதுகொடிந்த பெண்ணின் ஓய்வுக்காலக் காசு. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் முதலில் கை வைத்தது அதில்தான். பழைய முறிகளைக் கொடுத்துக் குறைந்த வட்டிப் புதிய முறிகளை எடு என்றார்கள்: 2025 வரை 12 வீதம், பிறகு 9. சம்மதிக்காவிட்டால் நிதியின் வருமான வரி 14 இலிருந்து 30 வீதமாகும். ஆனாலும் உங்கள் விருப்பம் என்றார்கள். வணிக வங்கிகள் வைத்திருந்த ரூபாய் முறிகளைத் தொடவில்லை. தொட்டால் வங்கி விழுந்துவிடுமாம். அந்தப் பெண் விழுந்தால் சத்தம் கேட்காது.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொருளாதாரத்தைச் சீரழித்துப் பொதுமக்களின் நம்பிக்கையை மீறியவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லியே சொன்னது. கோட்டாபய, மகிந்த, பசில் என்ற ராஜபக்ச சகோதரர்கள், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் கப்ரால் எல்லோரும் பட்டியலில் இருந்தார்கள். வழக்காடியவர்கள் நட்டஈடு கேட்டிருக்கவில்லை. வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபாய் கிடைத்தது. 2022 இல் நின்றுபோன கடன் 51 பில்லியன் டொலர். கணக்கு நேராகிவிட்டது, இல்லையா?

ஆட்சி மாறியது. அநுர குமார திசாநாயக்கவின் அரசு, முந்தைய அரசு முறிதாரர்களோடு பேசி வைத்திருந்ததை அப்படியே ஏற்று 2024 டிசெம்பரில் முடித்தது. அந்தப் புதிய முறிகளில் ஒரு நூதனம். 2025 முதல் 2027 வரை டொலரில் கணக்கிட்ட நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி குறித்த எல்லையைத் தாண்டினால், 2028 இலிருந்து முறிதாரர்களுக்குக் கூடுதலாகக் கட்டவேண்டும். உற்பத்தி விழுந்தால் கட்டுவதும் குறையும். நன்றாக உழைத்தால் அபராதம், ஏழையாகக் கிடந்தால் கழிவு. ஏழையாகக் கிடப்பதற்கு ஆட்சியாளர்கள் நமக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருப்பது நல்லதாய்ப் போயிற்று.