எல்லைக்கோட்டுத் தகப்பனார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலே, லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே சான் டியாகோ வரையில் நீண்டு கிடக்கும் புறநகர்ப் பிரதேசங்களில், சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு எந்த வீட்டின் முன்னால் ஒருவர், பின்கதவைத் திறந்து வைத்த பெரிய மோட்டார் வண்டிக்குள் மடக்கு நாற்காலிகளையும், நாலுகால் பந்தலையும், பனிக்கட்டிப் பெட்டியையும், உயரமான கம்பத்தில் பொருத்தும் காமிராவையும், ஒரு படையெடுப்புக்கு வேண்டிய சிரத்தையோடு அடுக்கிக்கொண்டு நிற்கிறாரோ, அந்த வீட்டில் பந்து உதைக்கும் பெண் ஒருத்தி இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஆடுகிறவள் அவள்; ஆனால் நான் எழுத வந்தது அவரைப் பற்றி.

இவருக்கு உத்தியோகம் ஒன்று உண்டு. இன்ஷூரன்ஸோ, கம்ப்யூட்டரோ, பல் வைத்தியமோ, ஏதோ ஒன்று. அதைப் பற்றி அவரே பிரமாதமாகப் பேசுவதில்லை. புதிதாக அறிமுகமான மனிதர் மரியாதைக்காக, "உங்கள் பெண்ணுக்கு என்ன வயது?" என்று கேட்டுவிட்டால், "2010, ஈ.சி.என்.எல்.; நடுக்களம்" என்று பதில் வரும். கேட்டவர் அதே ஜாதியைச் சேர்ந்தவராக இருந்தால் புருவத்தை உயர்த்துவார். மற்றவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

முதலில் வந்த எண் பெண்ணின் பிறந்த வருஷம். கிளப் அணிகளைப் பிறந்த ஆண்டுப்படி பிரிக்கும் விதி அமலில் இருந்த பத்தாண்டு காலமும், ஜனவரி முதல் வாரத்தில் ஒரு பெண்ணைப் பெற்றதைத் தம் சொந்த சாமர்த்தியமாகவே அவர் பாவித்து வந்தார். டிசம்பரில் பிறந்த குழந்தைகளுக்கு நடுவே ஒரு சாண் உயரமும் ஒரு வருஷத்து எலும்பு முற்றலும் சும்மா கிடைத்தனவல்லவா? 2026-ஆம் ஆண்டில் தொடங்கும் பருவத்திலிருந்து, பள்ளிக்கூட ஆண்டை அனுசரித்து, ஆகஸ்டு முதல் தேதியைத் தொடக்கமாக வைத்துக் கணக்கிடுவதென்று சம்மேளனங்கள் தீர்மானித்துவிட்டன. அன்று முதல், ஆகஸ்டுக் குழந்தைகளைப் பெற்ற தகப்பனார்களோடு அவருக்கு இருந்த பழைய சிநேகம் சற்றே இளைத்துவிட்டது.

இரண்டாவதாக வந்த எழுத்துக்கள், 2009-இல் பெண்களுக்கென்று ஏற்பட்ட எலைட் கிளப்ஸ் நேஷனல் லீக் என்பதன் சுருக்கம். கிளப் என்பது பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தமில்லாத தனி ஸ்தாபனம். ஏழெட்டு வயதுக் குழந்தைகளைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்து, வருஷம் முழுவதும் பயிற்சி அளித்து, வருஷம் முழுவதும் பணம் வாங்கும். அங்கே முதல் அணி, இரண்டாம் அணி என்ற அநாகரிகமான பாகுபாடு கிடையாது. எலைட், பிரீமியர், செலக்ட், அகாடமி என்று எல்லா அணிகளும் உயர்ந்த அணிகளே. ஆட்டத்தின் தரம் இறங்க இறங்கப் பெயரின் கம்பீரம் ஏறுமே தவிர, கட்டணம் இறங்குவதில்லை. அந்தக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் என்பதைக் கேட்டு வாசகர்கள் திகைக்க வேண்டாம். முகூர்த்தச் செலவை மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுச் செலவைப் பிறகு சாவகாசமாகத் தெரிவிக்கும் சம்பந்தியைப் போல, சீருடை, விமான டிக்கெட், ஓட்டல் வாடகை ஆகியவற்றைக் கிளப் தனித்தனியாகத்தான் வெளியிடும். பல போட்டித் தொடர்களில், அமைப்பாளர்கள் குறிப்பிடும் ஓட்டல்களில் தங்கினால்தான் அணிக்கே இடம். ஆகவே நம்மவர் அரிஸோனாவிலும் டெக்ஸஸிலும் பார்த்தவை ஓட்டல் காலைச் சிற்றுண்டிக் கூடங்களும் புல்தரைகளுமே. ஊர்களை அவர் அங்கே கிடைக்கும் காலைப் பலகாரமாகிய வாஃபிளின் தரத்தைக் கொண்டு நினைவு வைத்திருக்கிறார்.

கிளப்பின் பயிற்சியாளர் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவராக இருப்பார்; இல்லாவிட்டால் ஸ்காட்லாந்து. நம்மவர் உச்சரிப்பில் அபார நம்பிக்கை வைத்திருப்பவர். "உங்கள் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் தனிப் பயிற்சி தேவை" என்று கலிபோர்னியாக்காரர் ஒருவர் சொன்னால் அது வியாபாரம். லிவர்பூல்காரர் சொன்னால் அது சாஸ்திரம்.

ஆட்டத்தின்போது நம்மவரைப் பார்க்கவேண்டும். பெற்றோர்கள் உட்காரும் இடம் அணியின் பெஞ்சுக்கு நேர் எதிர்க் கோட்டில் இருக்கவேண்டுமென்று விதித்த புண்ணியவான், மனித சுபாவத்தை நன்கு அறிந்தவன். ஆனால் குரல் மைதானத்தின் அகலத்தைத் தாண்டும் என்பதை அவன் யோசிக்கவில்லை. "திரும்பு! அகலம்! அவளைப் பிடி!" என்று இவர் ஓதும் மந்திரங்கள், பயிற்சியாளர் அந்தப் பக்கமிருந்து சொல்வதற்கு நேர் விரோதமானவை; பெண் இரண்டையும் கேட்டு மூன்றாவதாக ஒன்றைச் செய்வாள். இளமையில் பேஸ்பாலைத் தவிர வேறொன்றும் ஆடியறியாத அவர், ஆஃப்சைடு விதியைப் பற்றி, பதினாறு வயதுப் பையனாகிய துணை நடுவருக்கு உரக்க வியாக்கியானம் செய்யும் அழகே தனி. சில லீக்குகளில், மௌன வாரம் என்று ஒன்று அனுஷ்டித்து, பெற்றோர்களின் வாய்க்கு ஆளுக்கொரு குச்சி மிட்டாய் கொடுப்பதுண்டு. இவர் அதைக் கடித்து விழுங்கிவிட்டு, இரண்டாவது மிட்டாய் தேடுவதுபோல எழுந்து நடந்து கத்துவார்.

சர்ஃப் கப் போன்ற பெரிய தொடர்களிலே சர்வகலாசாலைப் பயிற்சியாளர்கள், மார்பில் தங்கள் கலாசாலையின் சின்னம் பொறித்த சட்டையோடு, கையில் குறிப்பேட்டோடு வந்து உட்காருவார்கள். சேர்த்துக்கொள்வது பற்றி அவர்கள் பெண்ணிடமோ பெற்றோரிடமோ, உயர்நிலைப் பள்ளியின் இரண்டாம் வருஷம் முடிந்து ஜூன் 15 பிறக்கும் வரையில் பேசக்கூடாதென்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் சட்டம் இருக்கிறது. நம்மவர் சட்டத்தை மீறுகிறவர் அல்லர். தமது மடக்கு நாற்காலியை ஒவ்வோர் அரை மணிக்கும் ஒரு முழம் தள்ளிப் போட்டு, அந்தச் சட்டைக்காரரின் அருகே வந்து சேர்ந்ததும், ஆகாயத்தைப் பார்த்து, "ஏழாம் நம்பர் பெண் இன்று ஜுரத்தோடு ஆடுகிறாளாம், பாவம்!" என்று பொதுவாகச் சொல்வார். சட்டைக்காரர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு வேறு மைதானத்துக்குப் போய்விடுவார். அன்றிரவு அந்தக் கலாசாலைக்கு, பெண்ணே எழுதியதுபோல, "நான் களத்தின் இரு முனைகளையும் ஆளும் இயல்புடையவள்" என்று ஒரு கடிதம் போகும். பெண் அப்போது குளிர்பானத்தை உறிஞ்சிக்கொண்டு தோழியின் படுக்கையறையில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

இத்தனை பிரயத்தனமும் எதற்காக என்றால், உபகாரச் சம்பளத்துக்காக. கணக்கில் கெட்டிக்காரரான அவர் போடாத கணக்கு இது ஒன்றுதான். 2025 வரையில், முதற்பிரிவிலுள்ள ஒரு கலாசாலையின் பெண்கள் கால்பந்து அணிக்கு, உச்ச வரம்பு பதினாலு முழுச் சம்பளங்கள். அவற்றை அணியிலுள்ள இருபத்தைந்து, முப்பது பேருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்கலாம். இப்போது அந்த உச்ச வரம்பை எடுத்துவிட்டு ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஐவி லீக் கலாசாலைகளோ விளையாட்டுக்கென்று ஒரு காசும் தருவதில்லை. எட்டு வயதிலிருந்து கிளப்புக்குக் கட்டியதையெல்லாம் பேசாமல் பாங்கியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் கேட்ட அவருடைய மைத்துனர், அடுத்த நன்றியறிதல் விருந்துக்கு அழைக்கப்படவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். கல்வி ஸ்தாபனங்களில் பெண்பாலரைப் பேதப்படுத்தக் கூடாதென்று 1972-இல் ஒரு சட்டம் பிறந்தது. அதற்கு முன் அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு அணிகளில் இருந்த பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது லட்சத்துக்கும் மேல். நம்மவர் துரத்தும் உபகாரச் சம்பளமும், அவர் கண்ணுக்கு அகப்படாத பள்ளி அணியும், அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த சகோதரிகள்தாம்.

பள்ளி அணி என்றால் அவருக்கு இளப்பம். "அது கால்பந்தா? உயரத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவது!" என்பது அவருடைய தீர்ந்த அபிப்பிராயம். முழங்காலுக்கு ஆபத்து என்பார். மூன்று மாதத்தில் நுட்பமெல்லாம் மழுங்கிவிடும் என்பார். தேசிய சம்மேளனம் 2017-இல் பெண்களுக்கென்று ஓர் உயர்தர அகாடமி அமைப்பைத் தொடங்கி, அதில் ஆடுகிறவள் பள்ளிக்கு ஆடக்கூடாதென்று விதித்தபோது, அதை ஞானோதயமாகக் கொண்டாடியவர்களில் இவரும் ஒருவர். 2020-இல் அந்த அமைப்பே மூடப்பட்டது. கலிபோர்னியாவின் பள்ளி விளையாட்டுச் சங்கமோ அதற்கு நேர் எதிரிடை: பள்ளிப் பருவம் நடக்கும்போது அதே விளையாட்டைக் கிளப்புக்கு ஆடினால் தகுதி போய்விடும். தெற்கே அந்தப் பருவம் குளிர்காலத்தில் வருகிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறக்கும் முன்னே இந்த வீட்டில் ஒரு சம்பாஷணை நடக்கும்.

"இந்த வருஷம் பள்ளிக்கு ஆடாமல் தனிப் பயிற்சி வைத்துக்கொள்ளலாமே, கண்ணு?"

"அவ்வளவு பெரிய ஆட்டக்காரி மியா ஹாமே பள்ளிக்கு ஆடினாள், அப்பா."

"அந்தக் காலத்தில் வேறு என்ன இருந்தது?"

"பள்ளி இருந்தது" என்பாள் பெண்.

இந்த இடத்தில் தாயார் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "அவள் ஆடட்டும்" என்பாள். அந்த அம்மாளுக்குத் தரவரிசைகளில் சிரத்தையில்லை. 1999 ஜூலை 10-ஆம் தேதி, பஸடேனாவின் ரோஸ் பௌல் அரங்கில் கூடியிருந்த 90,185 பேரில், பதினாலு வயதுப் பெண்ணாக அவளும் ஒருத்தி. சீனாவோடு கோலின்றி முடிந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், பிராண்டி சேஸ்டெய்ன் இடது காலால் கடைசிப் பெனால்டியை உள்ளே அடித்துவிட்டு முழந்தாளிட்டதைக் கண்டவள். இரண்டு நாள் தொண்டை கட்டிக் கிடந்தவள். நேரில் சென்று பார்த்த அவள் சாந்தமாக இருக்க, அன்று வேறு ஊரில் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்த அவர் இப்படி ஆடுகிறாரே என்பது எனக்கு விளங்காத விஷயங்களில் ஒன்று.

பள்ளி ஆட்டத்துக்கு நம்மவர் மடக்கு நாற்காலி இல்லாமல் வருகிறார்; காமிராவும் இல்லை. அவமதிப்பைத் தெரிவிக்கும் முறை அது. பயிற்சியாளர் சரித்திர வாத்தியார்; பொதுப் பள்ளி விளையாட்டுக்குக் கட்டணம் வாங்கக்கூடாதென்பது அந்த மாகாணத்தின் சட்டமாகையால், கூச்சத்தோடு நன்கொடை கேட்டு ஒரு காகிதம் மட்டும் அனுப்பியிருந்தார். மைதானம் உண்மையில் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு உரியது. எந்தக் கோடு எந்த விளையாட்டுக்கு என்று தெரியாமல் நாலு வர்ணங்களில் கோடுகள். விளக்குப் பலகையில் கடிகாரம் நாற்பது நிமிஷத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது. வெளியே போன பெண் மறுபடி உள்ளே வரலாம். இவையெல்லாம் சர்வதேச விதிகளுக்கு விரோதம் என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் நிரூபிக்கிறார். பக்கத்திலிருந்தவர் பதினேழு வயதுப் பையன். உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருக்கிறான். "நீ எதற்கு வந்தாய்?" என்று கேட்டார். "கெமிஸ்ட்ரியில் அவள் என் பக்கத்து ஸீட்" என்றான் அவன்.

இந்தப் பதில் அவரைச் சிறிது தடுமாற வைத்தது. கிளப் ஆட்டத்தில் கோட்டோரம் இருப்பவர்களில், பணம் கொடுத்தவர்கள், பணம் வாங்குகிறவர்கள், விலை மதிக்க வந்தவர்கள் ஆகிய மூவகையாரைத் தவிர வேறொருவரை இத்தனை ஆண்டுகளில் அவர் கண்டதில்லை. இங்கேயோ பெற்ற கடனுமில்லை, குறிப்பேடுமில்லை. வெறுமே பக்கத்து ஸீட்டுக்காரி ஆடுகிறாள் என்பதற்காகக் குளிரில் முப்பது நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். களத்திலோ, கிளப் ஆட்டத்தில் பெண்ணின் கணுக்காலை மிதித்ததற்காக அவர் ஒரு வருஷமாக வசைபாடி வந்த எதிரிக் கிளப்பின் தடுப்பாட்டக்காரி, அதே நிறச் சட்டை அணிந்து, பெண்ணின் தோளில் கைபோட்டு நிற்கிறாள். வலப்புறம் ஆடியவள் போன வருஷம் வரை பந்தைக் கையால் மட்டுமே தொட்டறிந்த ஸாஃப்ட்பால்காரி. அந்த ஸாஃப்ட்பால்காரி, ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில், நம்மவர் இழிவாகச் சொல்வாரே, அதே மாதிரி பந்தை உயரத் தூக்கி அடித்தாள். பெண் பின்னால் ஓடினாள். கோல்காரி முன்னே வந்தாள். பந்து யார் மேல் பட்டு எப்படி உள்ளே போயிற்று என்பது பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு.

சுயஞாபகம் வந்தபோது நம்மவர் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தார். கெமிஸ்ட்ரிப் பையனின் வறுவல் பொட்டலம் அவர் கையில் நசுங்கியிருந்தது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது அவரே, "அடித்த கோணம் தவறு; கிளப்பில் அந்தப் பந்தை ஒருவரும் அடிக்க மாட்டார்கள்" என்றார். "ஆமாம், அப்பா" என்று பெண் சொல்லிவிட்டு, அந்த ஸாஃப்ட்பால்காரியைத் தங்கள் வண்டியிலேயே வீட்டில் விடவேண்டுமென்று கேட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி முடிந்தது. பெண் கிளப்புக்குத் திரும்பியதும் லிவர்பூல்காரர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, தொடுநுட்பம் சற்றே தேய்ந்திருப்பதாகவும், வாரம் இரண்டு மணி தனிப் பயிற்சி அதைச் சரிசெய்துவிடுமென்றும் தெரிவித்தார். நம்மவர் வெற்றிப் பெருமிதத்தோடு பணத்தைக் கட்டினார்.

இவருக்கு ஆறு வயதில் இன்னொரு பெண்ணும் உண்டு. அவள் ஆடுவது 1964-இல் அதே பிரதேசத்து டாரன்ஸ் நகரில் பிறந்த ஏ.ஒய்.எஸ்.ஓ. என்னும் சங்கத்தில். அங்கே தேர்வுப் பரீட்சை கிடையாது; வந்த குழந்தைகள் அனைவரும் ஆட்டத்தில் பாதி நேரமாவது ஆடியே தீரவேண்டும் என்பது அவர்கள் விரதம். வலை இருக்கும் திசை இரு அணிகளுக்கும் நிச்சயமாகத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆரஞ்சுச் சுளைகளை அடுக்கிக்கொண்டிருந்த தாயாரின் முழங்கையை அவர் பலமாக இடித்தார்.

"பார்த்தாயா? இடது கால்! யாரும் சொல்லிக் கொடுக்காமலே இடது காலால் உதைக்கிறாள்!"

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "உதைக்கவில்லை. பூட்ஸில் ஒட்டின சேற்றைப் புல்லில் தேய்க்கிறாள்" என்றாள்.

"ஆனால் இடது காலால்" என்றார் அவர், கைப்பேசியை எடுத்து லிவர்பூல்காரரின் நம்பரைத் தேடிக்கொண்டே.