சந்தேகத்துக்குரிய சொந்தக்காரன்

பணம் கொடுத்து வாங்கிய வஸ்துவுக்கு வாங்கியவனே எஜமானன் என்பது, கடைவீதி என்று ஒன்று ஏற்பட்ட காலந்தொட்டு, யாரும் எழுதி வைக்காமலே எல்லோரும் ஒப்புக்கொண்டு வந்திருக்கும் தர்மம். அதற்கொரு விதிவிலக்கு என் சட்டைப்பையிலேயே இருக்கிறது என்பதை, புதிதாக வாங்கிய கைப்பேசியிலிருந்து ஒரு சீட்டாட்டச் செயலியை நீக்க முயன்றபோது தெரிந்துகொண்டேன். தயாரித்தவர்களாலேயே உள்ளே பிரதிஷ்டை செய்யப்பட்டிருந்த அந்தச் செயலி, வேளை தவறாமல் என்னை ஆட்டத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தது. தருமபுத்திரரைக்கூட இரண்டு முறைதான் அழைத்தார்கள். மறுக்கும் உரிமை எனக்கு இருந்தது. அழைப்பவனை வெளியேற்றும் உரிமைதான் இல்லை.

இவ்விஷயத்தில் நிபுணனாகிய என் தமக்கை மகனிடம் முறையிட்டேன். "போன்தான் மாமா உங்களோடது, அதிகாரம் கம்பெனியோடது. ரூட் பண்ணினாத்தான், அதாவது முழு அதிகாரத்தையும் நாமே எடுத்துக்கிட்டாத்தான், இது போகும், அதுக்கு முதல்ல பூட்லோடரைத் திறக்கணும்" என்றான். கருவியை உயிர்ப்பித்ததும் முதலில் விழித்தெழும் நிரல்தான் இந்தப் பூட்லோடராம். தயாரித்தவர்களின் முத்திரை பெறாத எந்த மென்பொருளையும் அது உள்ளே விடாதாம். வீட்டைக் கிரயம் செய்து கொடுத்தவர், மச்சு அறைச் சாவியை மட்டும் தம் இடுப்பிலேயே செருகிக்கொண்டு, "உங்கள் நன்மைக்காகத்தான்" என்று புன்னகையோடு விடைபெற்றுப் போனால் எப்படியிருக்கும் என்பதை அன்று நான் தெளிவாக உணர்ந்தேன்.

சாவியைக் கேட்டுப் பெறுவதற்கான மார்க்கங்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகின்றன. ஷாவ்மிக்கு விண்ணப்பித்தவர் பெரும்பாலும் 168 மணி நேரம் காத்திருக்கவேண்டியிருந்தது. ஒரு வார காலத்தில் மனிதனுடைய ஆசாபாசங்கள் தணிந்துவிடும் என்ற தத்துவ விசாரம் இதற்கு அடிப்படையாக இருக்கலாம். ஹவாவே முன்பெல்லாம் கேட்டவர்க்குத் திறப்புக் குறியீடு வழங்கி வந்தது. 2018-இல் அந்தத் தானத்தையும் நிறுத்திவிட்டது. சாம்சங்கோ 2013 முதல், நாக்ஸ் என்ற காவல் ஏற்பாட்டின் அங்கமாக, கருவிக்குள் ஒரு நுண்ணிய மின் உருகியை வைத்தது. அங்கீகாரமற்ற மென்பொருள் ஏறினால் அது எரிந்து, கருவியின் பதிவில் சுழியம் ஒன்றாகி, அதன்பின் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் அந்த ஒன்று ஒன்றாகவே நிற்கும். சித்திரகுப்தனுடைய கணக்கிலாவது பிராயச்சித்தத்துக்கு ஒரு பத்தி உண்டு.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்லுகிறது என்று ஆராயப் புகுந்தவனுக்கு அமெரிக்கா அளிக்கும் ஆனந்தம் அலாதியானது. மின்னணுப் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்யும் அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு விலக்குகள் அளிக்கும் அதிகாரம், நாடாளுமன்ற நூலகத்தின் தலைமை நூலகரிடம் இருக்கிறது. 2010-இல் கைப்பேசியின் பூட்டைத் திறக்கலாம் என்று விலக்கு வந்தது. 2012-இல் கைப்பேசிக்கு மட்டும் அதை நீட்டித்து, டேப்லட் என்பதன் எல்லை எதுவென்று திட்டமாக வரையறுக்க முடியவில்லையாதலால் அதற்கு இடமில்லை என்று மறுத்தார்கள். ஆகவே, சட்டைப்பையில் அடங்கும் பலகையில் செய்தால் நியாயமாக இருந்த அதே காரியம், சற்றே பெரிய பலகையில் செய்தால் குற்றமாயிற்று. அங்குல அளவில் அறத்தை அளந்த இந்த நிலை, 2015-இல் டேப்லட்டுக்கும் விலக்கு நீளும்வரை நீடித்தது.

கம்பெனிகளின் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்லுவது அநியாயம். களவுபோன கைப்பேசியில் கள்வன் தன் மென்பொருளை ஏற்றிவிடாமலும், பிறர் நம் கருவிக்குள் வேவு நிரலைப் புகுத்திவிடாமலும் காப்பது இந்தப் பூட்டுத்தான். ஆனால் பூட்டு வேண்டும் என்பது வேறு, சாவி வாங்கியவனிடம் இருக்கக்கூடாது என்பது வேறு. கூகுளின் நெக்ஸஸ் கருவிகளில், எச்சரிக்கையைப் படித்துச் சம்மதித்தால் ஒற்றைக் கட்டளையில் பூட்டுத் திறந்தது. 2011-இல் எச்டிசி, வாடிக்கையாளரின் கூக்குரலுக்குச் செவிசாய்த்துத் தன் பூட்லோடர்களைத் திறக்க அனுமதிப்பதாக அறிவித்தது. அதனால் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. கள்வனைச் சந்தேகிப்பது காவலனுக்கு அழகு. சம்பளம் கொடுப்பவனையே முதற்கண் சந்தேகிப்பது விசேஷமான காவல்.

ஒருவழியாக என் மருமான் பூட்டைத் திறந்து, சீட்டாட்டக்காரனை வெளியேற்றினான். நான் சுதந்தர புருஷனாகி மார்தட்டிக்கொண்டு வங்கிச் செயலியைத் திறந்தேன். இந்தக் கருவி நம்பத்தக்கதன்று என்று அது கதவைச் சாத்திவிட்டது. அதாவது, யாரோ ஒருவருடைய அதிகாரத்தில் கைப்பேசி இருந்தவரையில் என் சேமிப்பு பத்திரமாக இருந்ததாம். என் அதிகாரத்துக்கு வந்ததும் ஆபத்துக்குள்ளாகிவிட்டதாம்!

"கவலைப்படாதீங்க மாமா, ரூட் பண்ணினதை மறைச்சுடலாம்" என்றான் மருமான். இத்தகைய மறைப்புக்குப் பேர்போனது, ஜான் வூ என்பவர் 2016-இல் வெளியிட்ட மேஜிஸ்க் என்ற மென்பொருள். அவரையே 2021-இல் கூகுள் வேலைக்கு அமர்த்திக்கொண்டதும், மேஜிஸ்கிலிருந்து மறைக்கும் வசதி அவர் கையாலேயே நீக்கப்பட்டதும், அந்தக் குறையை வேறு ஆர்வலர்கள் நிறைவு செய்ததும் இக்கலையின் பிற்கால இதிகாசம். அவர்கள் புண்ணியத்தால், கருவிக்கு நானே எஜமானன் என்பது இப்போது எனக்கும் மருமானுக்கும் மட்டும் தெரிந்த பரம ரகசியம். வங்கி கேட்கும்போதெல்லாம், இவருக்கு இதில் யாதொரு அதிகாரமும் கிடையாது என்று கைப்பேசியே என் சார்பில் சத்தியம் செய்கிறது. வங்கியும் உடனே என்னை நம்பிவிடுகிறது.