ருக்மிணி வீட்டுப் பவழமல்லி

பவழமல்லி வைத்திருப்பவர்களெல்லாம் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தால், முதல் தீர்மானம் கிருஷ்ண பரமாத்மாவைக் கண்டிப்பதாகத்தான் இருக்கும். சத்யபாமா அடம்பிடித்தாள் என்று தேவலோகத்துப் பாரிஜாதத்தை, அதாவது நம் பவழமல்லியை, பெயர்த்து வந்தார். அவள் வீட்டிலேயே நட்டும் கொடுத்தார். பூ மட்டும் மதிலைத் தாண்டி ருக்மிணி வீட்டு முற்றத்தில் விழுந்தது. தண்ணீர் ஊற்றியவள் ஒருத்தி, தலையில் வைத்தவள் இன்னொருத்தி. புராணத்தில் இதற்கு லீலை என்று பெயர். எங்கள் தெருவில் சொல்லும் பெயரைப் பத்திரிகையில் எழுத முடியாது.

மீசை இருந்தாலும் இங்கே சத்யபாமா நான்தான். மதிலுக்கு அந்தப் பக்கத்து மாமி ருக்மிணி. எங்கள் மாடி நிழல் முழுக்க எங்கள் பக்கம், வெயில் முழுக்க மாமி பக்கம். வெயில் இருக்கும் பக்கம் சாய்கிற செடியிடம் நன்றியை எதிர்பார்க்கக் கூடாது.

புரட்டாசி வாக்கில் ஆரம்பித்து மார்கழி வரை அதன் சீசன். விளக்கு வைத்த பிறகு மொட்டு அவிழும். ராத்திரி பூராவும் வாசனை. அதையாவது அனுபவிக்கலாமே என்கிறீர்களா? வாசனை வரும் அதே ஜன்னல் வழியாகத்தான் கொசுவும் வருகிறது. சாத்திவிட்டுப் படுக்கிறோம். விடிவதற்குள் அத்தனை பூவும் உதிர்ந்துவிடும்.

மார்கழியில் மாமி கோலம் போட எழுந்திருக்கும்போது கோயில் ஒலிபெருக்கியே இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும். மதிலோரம் முதல் நாளே ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்திருப்பார். காலையில் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினால் போதும், குனியக்கூட வேண்டாம். "உங்காத்துச் செடிக்கு ரொம்ப நல்ல மனசுப்பா" என்று மதிலுக்கு மேலிருந்து ஒரு பாராட்டு வேறு.

'கீழே விழுந்த பூ சாமிக்கு ஆகாது மாமி' என்று ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பிப் பார்க்கலாம். அதுவும் செல்லாது. பவழமல்லிக்குச் சாஸ்திரத்திலேயே விலக்கு இருக்கிறது. மன்னார்குடிப் பக்கம் திருக்களர் கோயிலில் தல விருட்சமே பாரிஜாதம்; சுவாமி பெயர் பாரிஜாதவனேஸ்வரர். அவ்வளவு மேலிடத்தில் செல்வாக்குள்ள பூவோடு நான் எங்கே வழக்காடுவது?

கோபத்தோடு ஒரு பூவைக் கையில் எடுத்தால் அந்தக் கோபமும் தணிந்துவிடுகிறது. காற்றாடி மாதிரி ஒரே பக்கமாகத் திருகிய வெள்ளை இதழ்கள், அடியில் பளிச்சென்று காவிக் காம்பு. காம்பை விரலில் நசுக்கினால் மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும். ஒரு காலத்தில் பட்டுத் துணிக்கே இந்தச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். என் வெள்ளைச் சட்டைக்கு இன்றும் ஏறுகிறது.

எங்கள் பக்கம் எதுவுமே விழுவதில்லை என்று சொன்னால் அது பொய். சொரசொரப்பான இலைகள் விழுகின்றன. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சிகள் விழுகின்றன. அவை மதில் தாண்டுவதே இல்லை. இலைக்கும் ஆட்கள் வருகிறார்கள். கஷாயம் வைத்துக் குடித்தால் மூட்டு வலிக்கு நல்லதாம். போன வாரம் ஒரு பெரியவர், முட்டியை மடக்கவே முடியவில்லை என்று சொல்லிவிட்டு, கேட் பூட்டியிருந்ததால் சுவரேறிக் குதித்துப் பறித்துக்கொண்டு போனார். மருந்தின் மகிமை, பறிக்கும்போதே வேலை செய்கிறது.

கோடையில் இலை கொட்டி, காய்ந்த வட்டக் காய்களோடு செடி மொட்டையாக நிற்கும்போது மட்டும் அது முழுக்க முழுக்க என் சொத்து. "பட்டுப்போச்சே, வெட்டிடலாமே" என்று யோசனை சொல்ல அப்போது தெருவே வரும். மாமி மட்டும் பதறிப்போய், அவர் பக்கத்திலிருந்து குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுவார். ருக்மிணிக்கும் மனசாட்சி உண்டு.

நீங்களும் பவழமல்லி வைப்பதாக இருந்தால், பூத்து ஓய்ந்ததும் தை, மாசியில் கிளைகளைக் கழித்துவிடுங்கள். புதுக் கிளையில்தான் நன்றாகப் பூக்கும். தண்ணீர் தேங்காத மேட்டில் நடுங்கள். முக்கியமாக, மதிலிலிருந்து தள்ளி நடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், நல்ல கன்றாக ஒன்று வாங்கிப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரிசாகக் கொடுத்து, மதிலோரமாக நடச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் வெயில் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.